இணையப் புகைப்படக் குழுவில் ஒரு படத்தொடரைப் பகிர்வது எப்படி: தேர்விலிருந்து பின்னூட்டம் வரை முழுமையான வழிகாட்டி

இணையப் புகைப்படக் குழு ஒன்றைச் சில வருடங்களாகக் கவனித்துக்கொள்பவர்களில் நானும் உண்டு. புதிதாகச் சேர்பவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது இப்போது பழகிப்போன காட்சி. வந்த முதல் நாளே நாற்பது படங்களை ஏற்றுவார்கள். இரண்டு மூன்று லைக் விழும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஆளைக் காணோம். இத்தனைக்கும் படங்கள் மோசமில்லை. அந்த நாற்பதுக்குள் நல்ல படங்கள் ஏழெட்டு நிச்சயம் இருந்திருக்கும். மிச்சம் முப்பதும் சேர்ந்து அவற்றை மூடிவிட்டன.

படம் எடுப்பது ஒரு வேலை, பகிர்வது வேறொரு வேலை. பகிர்வதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யச் சொல்கிறேன். குறிப்பை முதலில் எழுதிவிட்டால், குறிப்புக்குப் பொருந்தும் படங்களைத்தான் கை எடுக்கும். ஃபைலை மெருகேற்றி முடித்துவிட்டு வரிசை போட்டால், அவ்வளவு உழைத்த படத்தை நீக்க மனம் வராது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரே விஷயத்தைச் சுற்றி நீங்கள் எடுத்த முப்பது நாற்பது படங்கள், ஃபோனைவிடப் பெரிய ஒரு திரை, உங்களிடம் ஒளிக்காமல் பேசும் ஒரு நண்பர், அப்புறம் மூன்று நான்கு வாரப் பொறுமை. விலையுயர்ந்த கேமரா இந்தப் பட்டியலில் இல்லை. ஃபோனில் எடுத்த படங்களுக்கும் இங்கே சொல்வது அத்தனையும் பொருந்தும்.

1. முதல் இரண்டு வாரம் பார்க்க மட்டும் செய்யுங்கள்

குழுவில் சேர்ந்ததும் உங்கள் படம் எதையும் போடாதீர்கள். அங்கே நடப்பதைக் கவனியுங்கள். ஒரு பதிவில் எத்தனை படம் போடுகிறார்கள்? தனிப்படங்களுக்கு மதிப்பா, தொடர்களுக்கா? விமர்சனம் வேண்டும் என்று கேட்டால்தான் சொல்கிறார்களா, கேட்காமலே சொல்கிறார்களா? செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களுக்கு என்ன விதி? இவை தெரிந்தபிறகு உங்கள் படம் அங்கே எப்படிப் பார்க்கப்படும் என்பது ஓரளவு புரிந்துவிடும்.

இந்த இரண்டு வாரத்துக்குள் குறைந்தது ஐந்து பேருடைய படங்களுக்குக் கருத்து எழுதுங்கள். எப்படி எழுதுவது என்று 9ஆம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் படம் வருவதற்கு முன்பே உங்கள் கண் அவர்களுக்கு அறிமுகமாகிவிட வேண்டும். நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் படம் போட்டால் மற்றவர்களும் நின்று பார்ப்பார்கள். இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

இடத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். 2004இல் தொடங்கிய ஃப்ளிக்கரில் படத்தைத் திரை நிறையத் திறந்து பார்க்கலாம், ஆல்பமாக அடுக்கலாம். 2010இல் வந்த இன்ஸ்டாகிராம் ஃபோனுக்காகவே பிறந்தது. 2015 ஆகஸ்ட் வரை அங்கே படத்தைச் சதுரமாகத்தான் போட முடிந்தது. பரந்த நிலக்காட்சியில் தூரத்துப் புள்ளியாக ஒரு மனிதர் நிற்கும் படம், ஃபோன் திரையில் மெல்லிய பட்டையாகிவிடும், மனிதரும் காணாமல் போவார். அந்த மாதிரிப் படங்கள்தான் உங்களிடம் அதிகம் என்றால், பெரிதாகக் காட்டும் இடத்தைத் தேடுங்கள்.

2. படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு ஆறவிடுங்கள்

தொடரில் இடம்பிடிக்கப் போட்டியிடும் படங்களை எல்லாம் ஒரு தனி ஃபோல்டருக்கு நகல் எடுத்து வையுங்கள். மூலக் கோப்புகள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கட்டும். பிறகு அந்த ஃபோல்டரைப் பத்து நாளாவது திறக்காதீர்கள்.

எடுத்த அன்றைக்குப் படத்தோடு பல விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்துக்கு நடந்த தூரம், சரியான வெளிச்சத்துக்காக நின்ற நேரம், அங்கே வந்த வாசனை. பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. அவர் முன்னால் இருப்பது நான்கு ஓரங்களுக்குள் இருப்பது மட்டும்தான். நாள் கடந்தபிறகு நீங்களும் அதை மட்டும் பார்க்கத் தொடங்குவீர்கள். எடுத்த இரவே போட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

3. குறையுங்கள்

முழு வழிகாட்டியிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் 1955, 56 ஆண்டுகளில் அமெரிக்காவைச் சுற்றி எடுத்தவை சுமார் 27,000 பிரேம்கள். அவற்றிலிருந்து ஆயிரம் அளவுக்குப் பிரதி போட்டு, சுவரிலும் தரையிலும் பரப்பிப் பார்த்து, கடைசியில் புத்தகத்துக்கு அனுப்பியவை 83. படம் எடுக்கச் செலவிட்ட உழைப்புக்குச் சற்றும் குறையாத உழைப்பு அந்தக் கழித்தலில் இருந்தது. நாம் நாற்பதைப் பத்தாக்கப் போகிறோம், அவ்வளவுதான்.

மூன்று சுற்றாகச் செய்யுங்கள்.

முதல் சுற்றில் எல்லாப் படங்களையும் சின்னதாக, ஒரே திரையில் தெரியும்படி வையுங்கள். பெரிதாக்காதீர்கள். இரண்டு மூன்று நொடியில் கண் எதில் போய் நிற்கிறதோ அதற்கு ஒரு குறி. சின்னதாக இருக்கும்போது கூர்மை, இருட்டில் எடுத்த படங்களில் வரும் புள்ளிப் புள்ளியான இரைச்சல், முக பாவம் எதுவும் தெரியாது. படத்தின் எலும்புக்கூடு மட்டும் தெரியும். அது சரியாக நிற்கும் படங்களே அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் சுற்றில் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்கு வந்த ஒருவரிடம் ஆவி படிந்த பேருந்து ஜன்னலின் மூன்று படங்கள் இருந்தன. முதல் படத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறுமியின் முகம், கூர்மையாக. இரண்டாவதில் அவள் விரல் கண்ணாடியில் ஏதோ வரைகிறது. மூன்றாவதில் சிறுமி இல்லை. வரைந்த வட்டம் மட்டும் இருக்கிறது, அதன் அடியிலிருந்து ஒரு நீர்த்துளி கோடாக வழிந்துகொண்டிருக்கிறது. அவர் முகம் இருக்கும் படத்தை வைத்துக்கொண்டார், கூர்மையாக இருந்த காரணத்தால். மூன்றையும் பார்த்த எங்களுக்கோ மூன்றாவது படத்தை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அதில்தான் நேரம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரே மாதிரிப் படங்களில் எது தொழில்நுட்பத்தில் சுத்தம் என்று கேட்பதைவிட, எதை இரண்டாம் முறை பார்க்கத் தோன்றுகிறது என்று கேளுங்கள்.

மூன்றாம் சுற்றில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் அது ஏன் தொடரில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். 'நன்றாக வந்திருக்கிறது' என்பது காரணமாகாது. 'இதில் மட்டும்தான் அந்த வீட்டின் வாசல் வெளியிலிருந்து தெரிகிறது' என்பது காரணம். இரண்டு படங்களுக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போக வேண்டும்.

இந்தச் சுற்றில் கஷ்டப்பட்டு எடுத்த படங்கள்தான் நம்மை ஏமாற்றும். விடிகாலை எழுந்து மலை ஏறி எடுத்தது என்பதாலேயே அது உள்ளே நுழைந்துவிடும். அந்த உழைப்பு படத்துக்குள் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு படம் வரை வந்து நின்றதும் நண்பரிடம் காட்டுங்கள். 'எது பிடித்திருக்கிறது' என்று கேட்டால் உங்கள் மனம் நோகாமல் ஏதாவது சொல்வார். 'இதில் ஒன்றை எடுத்துவிட வேண்டுமானால் எதை எடுப்பாய்?' என்று கேளுங்கள். உண்மையான பதில் வரும். அவர் சொன்னதை அப்படியே செய்ய வேண்டியதில்லை. அந்தப் படத்துக்காக நீங்கள் வாதாடும்போது என்ன சொல்கிறீர்கள் என்று கவனியுங்கள். வாதாட ஒன்றுமே இல்லையென்றால், சரி, பதில் கிடைத்துவிட்டது.

4. வரிசைப்படுத்துங்கள்

படங்களைச் சின்னதாக, உள்ளங்கை அளவில், சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்துத் தரையில் பரப்புங்கள். திரையிலும் செய்யலாம், ஆனால் கையால் நகர்த்தும்போது தயக்கமின்றி மாற்றிப் பார்ப்போம். தரம் முக்கியமில்லை, மங்கலான பிரிண்ட் போதும்.

எடுத்த தேதி வரிசையில் அடுக்குவது எல்லோரும் செய்வது. அது உங்கள் நாட்குறிப்பு. பார்ப்பவர் அந்த நாட்களில் உங்களோடு இல்லை. அவருக்கு ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு பிடி வேண்டும். அது ஒரு நிறமாக இருக்கலாம், ஒரு வளைவாக இருக்கலாம், ஒருவர் பார்க்கும் திசையாக இருக்கலாம். முதல் படத்தில் இடப்பக்கம் பார்க்கும் முகமும் அடுத்ததில் திறந்திருக்கும் கதவும் பக்கத்தில் வந்தால், அவர் அந்தக் கதவைத்தான் பார்க்கிறார் என்று தோன்றும். இரண்டையும் நீங்கள் வேறு வேறு ஊரில் எடுத்திருக்கலாம்.

வரிசை மாறினால் பொருள் மாறும் என்பதையே தன் கலையின் மையமாக்கிக்கொண்டவர் இந்தியப் புகைப்படக் கலைஞர் தயனிதா சிங். மடக்கி நகர்த்தக்கூடிய மரச் சட்டங்களில் படங்களை வைத்து, அவற்றை மாற்றி மாற்றி அடுக்கும்படி செய்தார். புகைப்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருதை 2022இல் பெற்றவர். அவர் கண்காட்சிப் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரே படம் வேறு அண்டை கிடைத்ததும் எப்படி வேறு குணம் கொள்கிறது என்பது நேரடியாகத் தெரியும்.

முதல் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அது குழுவில் சின்னதாகத்தான் தெரியப்போகிறது. கட்டைவிரல் அளவிலும் படிக்க முடிய வேண்டும். இரண்டு, அது வாசல். உங்களுடைய மிக வலுவான படத்தை அங்கே செலவழித்துவிட்டால், மற்றவை எல்லாம் இறக்கமாகத் தெரியும். வலுவானதை நடுவைத் தாண்டி வையுங்கள். கடைசிப் படம் முடிச்சுப் போடுவதாக இருக்க வேண்டும் என்று அஸ்தமனத்தையோ முதுகு காட்டி நடந்து போகும் ஆளையோ வைக்கிறார்கள். தொடர் முழுக்க அமைதியாக வந்துவிட்டு இறுதியில் மேளம் தட்டியதுபோல் இருக்கும். அதைத் தவிருங்கள்.

கருப்பு வெள்ளையையும் வண்ணத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலக்க வேண்டாம். ஒவ்வொரு முறை மாறும்போதும் கண் மறுபடி பழக வேண்டியிருக்கிறது. படத்தின் வடிவத்தையும் கணக்கில் எடுங்கள். 1080 பிக்சல் அகலத்தில் காட்டும் இடத்தில் 3:2 கிடைமட்டப் படம் 1080க்கு 720 ஆக வரும். 4:5 நெடுக்குப் படம் 1080க்கு 1350 ஆக வரும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பு. பேசாமல் இருக்க வேண்டிய படம் நெடுக்காக இருந்தால் அது மற்றவற்றை விடச் சத்தமாகப் பேசிவிடும்.

அடுக்கியபின் ஒரு நாள் அப்படியே தரையில் கிடக்கட்டும். கடந்து போகும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள். எங்கே கால் இடறுகிறது என்று தானாகத் தெரியும்.

5. ஃபைலைத் தயார் செய்யுங்கள்

இதை வேகமாக முடித்துவிடலாம், ஆனால் தவறினால் இதுவரை செய்தது வீணாகும்.

நிற வெளி, அதாவது ஃபைல் எந்த வரம்புக்குள் நிறங்களைச் சொல்கிறது என்பது, எஸ்ஆர்ஜிபியாக (sRGB) இருக்கட்டும். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து உருவாக்கியது அது. எந்த நிற வெளி என்று சொல்லும் புரொஃபைல் ஒட்டாமல் வரும் படத்தை பிரவுசர்கள் பொதுவாக எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்கின்றன. இன்னும் பரந்த நிற வெளியான அடோபி ஆர்ஜிபியில் ஏற்றுமதி செய்த படத்தில் புரொஃபைல் கழன்றுபோனால் தோல் நிறம் வெளிறி, பச்சை சோகையாகத் தெரியும். 'என் கம்ப்யூட்டரில் நன்றாக இருந்ததே' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம்.

நீண்ட பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80லிருந்து 85 வரை. திரையில் பார்க்க இது போதும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று சொல்லும் டிபிஐ 72ஆ 300ஆ என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். திரைக்கு அந்த எண் பொருட்டே இல்லை. எத்தனை பிக்சல் என்பது மட்டும்தான் கணக்கு. டிபிஐ பிரிண்ட் எடுக்கும்போது வரும் பேச்சு.

அளவைக் குறைத்தபிறகு கூர்மையாக்குங்கள். முன்பே கூர்மையாக்கினால், குறைக்கும்போது அது கரைந்துவிடும் அல்லது ஓரங்களில் வெள்ளைக் கோடாக மிஞ்சும். ஒவ்வொரு முறையும் மூலக் கோப்பிலிருந்தே ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தகவல் குறைகிறது. நண்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்பித் திரும்ப வாங்கிய படத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். அங்கே பொதுவாக வழியிலேயே சுருக்கப்பட்டிருக்கும்.

திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்து எடிட் செய்தால் மற்றவர்களுக்குப் படம் இருட்டாகப் போய்ச் சேரும். ஃபோனில் வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கிவைத்து எல்லாப் படங்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கேமராவோ ஃபோனோ ஃபைலுக்குள் தானாக எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி இருக்கக்கூடும். வீட்டுக்குள் எடுத்த படம் என்றால் உங்கள் வாசல் வரை வழி சொல்லிவிடும். இடத்தை நீக்கிவிட்டு, உங்கள் பெயரையும் உரிமைக் குறிப்பையும் ஃபைலுக்குள் அதற்கென்றே இருக்கும் ஐபிடிசி புலங்களில் எழுதிவையுங்கள். பல தளங்கள் ஏற்றும்போது இவற்றை உருவிவிடுகின்றன என்பதால் பதிவிலும் பெயர் இருக்கட்டும். படத்தின் குறுக்கே பெரிய வாட்டர்மார்க் வேண்டாம். திருடுபவர் அதை அழித்துவிடுவார், ரசிக்க வந்தவருக்குத்தான் அது தடை.

6. அனுமதியும் உரிமையும்

பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் படம் எடுத்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன. மற்றவர்கள் தாராளமாகப் பயன்படுத்தட்டும் என்று நினைத்தால் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம் கொடுக்கலாம். ஆனால் ஒருமுறை கொடுத்த உரிமத்தைப் பெற்றவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. ஆகவே முதல் பதிவிலேயே அவசரப்பட வேண்டாம்.

படத்தில் இருப்பவர்களின் அனுமதி இன்னும் நுட்பமானது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்தில் என்ன விதி என்று தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் அனுமதித்தாலும் நான் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: இந்த மனிதர் இதே குழுவில் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? கூச்சமாக இருந்தால் அந்தப் படம் வெளியே போகாது. குழந்தைகள், நோயாளிகள், தூங்குபவர்கள், துக்கத்தில் இருப்பவர்கள் விஷயத்தில் கேட்காமல் போடுவதே இல்லை.

படத்தில் எதையாவது சேர்த்திருந்தால், அகற்றியிருந்தால், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 2023இல் ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், சோனி உலகப் புகைப்பட விருதில் தன் படம் ஒரு பிரிவில் வென்றபிறகு, அது செயற்கை நுண்ணறிவில் உருவானது என்று சொல்லி விருதை மறுத்தார். விவாதம் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே அவர் அதை அனுப்பியிருந்தார். குழுவில் அப்படிச் சோதனை செய்யத் தேவையில்லை. பார்ப்பவர் தான் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்து பார்க்கட்டும். பின்னால் தெரியவந்தால் உங்கள் பழைய படங்கள் மீதும் சந்தேகம் விழும்.

7. குறிப்பு எழுதுங்கள்

ஐம்பது அறுபது சொற்கள் போதும். படத்தில் தெரியாததை மட்டும் எழுதுங்கள்.

எங்கள் குழுவில் வந்த ஒரு குறிப்பு: 'தனிமையின் வலியையும் காலத்தின் ஓட்டத்தையும் பேசும் படங்கள்.' இதைப் படித்தபிறகு பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. என்ன உணர வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. எழுதியவரிடம் பேசிப் பார்த்ததில் வேறு விஷயம் வெளிவந்தது. அவர் அதையே இப்படி மாற்றி எழுதினார்: 'அப்பா ஓய்வு பெற்றபின் தினமும் மாலை நான்கு மணிக்கு இதே நாற்காலியில் உட்கார்கிறார். ஐந்து மாதங்களாக அந்த நேரத்தில் எடுத்த படங்கள்.' தனிமை என்ற சொல்லே இல்லை. அதன்பிறகு படங்களைப் பார்த்தவர்கள் நாற்காலியின் கைப்பிடி தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

பார்வையற்றவர்களுக்காகத் திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கு மாற்றுரையும் எழுதுங்கள். இங்கே விதி தலைகீழ். படத்தில் தெரிவதைச் சொல்ல வேண்டும். 'அழகான மாலை' என்றால் அவருக்கு எதுவும் கிடைக்காது. 'ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் முதியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், முகத்தின் வலது பாதி மட்டும் வெளிச்சத்தில்' என்று எழுதினால் அவரும் படத்துக்குள் வந்துவிடுவார். இதில் ஒரு லாபமும் உண்டு. மாற்றுரை எழுதும்போது நம் படத்தில் நாமே கவனிக்காதவை கண்ணில் படும்.

கடைசியாக என்ன மாதிரியான பதில் வேண்டும் என்று கேளுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் வரும். 'ஐந்தாவது படத்துக்குப் பிறகு தொடர் வேகம் குறைகிறதா?' என்று கேட்டால் பத்துப் பேர் ஐந்தாவது படத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

8. பதிவிடும் நாள்

அடுத்த இரண்டு மணி நேரம் நீங்கள் அங்கே இருக்க முடிகிற நேரத்தில் போடுங்கள். முதலில் வரும் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரே தொடரை ஒரே நாளில் ஐந்து குழுக்களில் ஒட்டாதீர்கள். எங்கேயும் உங்களால் உட்கார்ந்து பேச முடியாது.

யாராவது படத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டால் உடனே திருத்தப் போகாதீர்கள். அவர் எதைப் பார்த்து அப்படி நினைத்தார் என்று கேளுங்கள். படத்துக்குள் நீங்கள் வைத்தது என்ன, தானாக வந்து உட்கார்ந்தது என்ன என்பது அப்போதுதான் தெரியும். விமர்சனம் சுட்டால் அன்றைக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அதை மறுபடி படியுங்கள்.

9. மற்றவர்களின் படங்களுக்குப் பதில் எழுதுங்கள்

குழு உயிரோடு இருப்பது இங்கேதான். உங்கள் தொடர் மாதத்துக்கு ஒன்று வரும். மற்ற நாட்களில் எல்லாம் நீங்கள் பார்ப்பவர்தான்.

பெரிய திரையில் படத்தைத் திறந்து, ஒரு முழு நிமிடம் எதுவும் தட்டாமல் பாருங்கள். ஒரு நிமிடம் நீளமானது. முதல் இருபது நொடியில் முக்கியமானதைப் பார்த்து முடித்துவிடுவோம். அதற்குப்பின் கண் ஓரங்களுக்குப் போகும்.

ஒரு பெண் மழைக்குப் பிந்தைய படிக்கட்டின் படம் ஒன்றைப் போட்டிருந்தார். நான்காம் படியில் ஒற்றைக் குழந்தைச் செருப்பு. 'அருமை', 'சூப்பர்', 'செம்ம ஃபிரேம்' என்று பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். பதினைந்தாவதாக ஒருவர் எழுதினார்: 'படி நனைந்திருக்கிறது, செருப்பு மட்டும் உலர்ந்திருக்கிறது. மழை நின்றபிறகுதான் யாரோ கழற்றியிருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் குழந்தை பக்கத்தில்தான் எங்கேயோ வெறுங்காலோடு இருக்கிறது.' படம் எடுத்தவரே இதைக் கவனித்திருக்கவில்லை. முந்தைய பதினான்கு பேரும் திரும்பி வந்து படத்தை மறுபடி பார்த்தார்கள். ஒரு படத்தைக் கொண்டாடுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

என்ன எழுதுவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறையைச் சொல்லித் தருகிறேன். எல்லாக் கலைகளுக்கும் அது பொருந்துகிறது. நான்கு கட்டம். முதலில், எது மனதில் நின்றது, எது ஆச்சரியப்படுத்தியது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். இரண்டாவது, படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார். மூன்றாவது, பார்த்தவர்கள் அபிப்பிராயம் ஒளிந்திராத கேள்விகளைக் கேட்பார்கள். கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் 'இதைப்பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, கேட்க விரும்புகிறீர்களா?' என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும்.

மூன்றாம் கட்டம் பார்க்கச் சுலபம், செய்யக் கடினம். 'கதவை ஏன் பாதியில் வெட்டிவிட்டீர்கள்?' என்பது கேள்வி வேடம் போட்ட குற்றச்சாட்டு. 'இடது ஓரத்தை எங்கே முடிப்பது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?' என்று கேட்டால் அவர் யோசிப்பார். சில நேரம் அந்த யோசனையிலேயே தன் தவறைத் தானே கண்டுகொள்வார், நீங்கள் கருத்துச் சொல்லும் அவசியமே வராது.

தவிர்க்க வேண்டியவை சில. கேட்காமல் அவர் படத்தை எடுத்து க்ராப் செய்து 'இப்படி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்' என்று திருப்பிப் போடாதீர்கள். அடுத்தவர் கவிதையில் வரி அடித்துக் கொடுப்பதற்குச் சமம். முதல் கேள்வியே 'என்ன கேமரா, என்ன லென்ஸ்?' என்று இருக்க வேண்டாம். புகழ்பெற்ற ஒருவர் பெயரைச் சொல்லி 'அவரைப்போலவே இருக்கிறது' என்பதும் பாராட்டுபோல் தெரியும், ஆனால் படம் எடுத்தவரின் பெயர் அதற்குள் காணாமல் போய்விடும்.

10. மாதம் ஒருமுறை சேர்ந்து தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான குழுக்கள் வாக்கெடுப்பு நடத்துகின்றன. நாங்களும் நடத்திப் பார்த்து நிறுத்திவிட்டோம். ஸ்க்ரோல் செய்யும் வேகத்தில் கண்ணைப் பிடிக்கும் படங்களே ஒவ்வொரு முறையும் ஜெயித்தன. செறிவான நிறம், பெரிய கண்கள், எதிர் வெளிச்சம். மெதுவாகத் திறக்கும் படங்களுக்கு இடமே கிடைக்கவில்லை.

இப்போது செய்வது இது. மாதம் ஒருவர் பொறுப்பேற்பார். அந்த மாதம் வந்த மற்றவர்களின் படங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் எழுதுவார். தன் படத்தை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. அடுத்த மாதம் வேறொருவர். 3ஆம் 4ஆம் படிகளைத் தன் படங்களில் செய்யத் திணறியவர்கள்கூட, மற்றவர் படங்களில் செய்யும்போது சட்டென்று கற்றுக்கொள்கிறார்கள். பாசம் குறுக்கே வருவதில்லை அல்லவா.

தொகுப்பில் சேர்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேளுங்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடாமல் மூலப் படத்தை வாங்கிப் போடுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டில் நிறமும் கூர்மையும் போய்விடும். எடுத்தவர் பெயர் படத்துக்கு அருகிலேயே இருக்கட்டும். பதிவின் அடியில் பத்துப் பெயர்களை மொத்தமாகக் கோத்தால் யாருடையது எது என்று யாரும் தேடமாட்டார்கள். குழுவுக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால் தனியாக இன்னொரு முறை கேளுங்கள், உள்ளே கொடுத்த சம்மதம் வெளியே செல்லாது.

உங்கள் தொடரைப் பகிர்ந்து ஒரு மாதம் ஆனதும், 3ஆம் படியில் ஒதுக்கிய முப்பது படங்களை மறுபடி திறந்து பாருங்கள். வந்த பின்னூட்டங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று படங்கள் இப்போது வேறு மாதிரி தெரியும். அவற்றை மட்டும் புதிய ஃபோல்டர் ஒன்றில் போடுங்கள், அடுத்த தொடர் அங்கிருந்து தொடங்கும்.